ஈரத்தில் காயும் தரை

கோழிக்கூண்டு கட்டுகிறவர்கள் எல்லோரும் கூரையைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள், சம்பந்தியம்மா. தரையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. நீங்களும் யோசித்திருக்க மாட்டீர்கள். சுவோன் நகரத்தில் பதினான்காவது மாடியில் குடியிருக்கிறவர்களுக்கு அதற்கு அவசியமும் இல்லை.

முதலில் டீயை எடுத்துக்கொள்ளுங்கள். வறுத்த பார்லி, நானே வறுத்தது. கையுறையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் டம்ளர் வழுக்கும். உள்ளே அறை கதகதப்பாக இருக்கிறது, உங்களுக்காகக் காலையிலேயே தரைக்கு அடியில் தீ மூட்டினேன். உண்மை தெரியாமல் இந்த வீட்டுக்குள் கால் வைக்க மாட்டேன், வெளியே இருக்கும் இந்தப் பெஞ்சே போதும் என்கிறீர்கள். நியாயம்தான். கோபமாக வருகிறவர்கள் உள்ளே வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். பெஞ்சு வெயிலில்தான் கிடக்கிறது, சௌகரியமாக உட்காருங்கள்.

மாப்பிள்ளையின் போட்டோவைப் பார்த்தேன். வந்ததும் வராததுமாகப் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினீர்களே, எது கண், எது கன்னம் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. புளித்துப் பொங்கின மாவில் இரண்டு இடத்தில் கத்தியால் கீறினதுபோல இருந்தது. இது எப்படி ஆயிற்று என்று நான் ஒளிக்காமல் சொன்னால்தான் மாதக் கடைசியில் கல்யாணம், இல்லாவிட்டால் இங்கிருந்தே மண்டபத்துக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்றீர்கள். சொல்கிறேன். எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. என் மகள் நாரேயின் வாழ்க்கை இதில் இருக்கிறது. ஆனால் தரையிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

அதோ, அந்த வேலியோரம் இருக்கிறதே, அதுதான் கூண்டு. போன வசந்தம்வரைக்கும் அதற்கு மண்தரைதான். மண்தரை என்றால் மலைக்கீரிக்கு விருந்து வைத்த மாதிரி. கீழே குடைந்துகொண்டு உள்ளே வந்து, சாப்பிடுவது ஒன்று, கொல்வது எல்லாவற்றையும். காலையில் போய்ப் பார்த்தால் இறகு மட்டும் பறந்துகொண்டிருக்கும். கீரி வராத நாட்களில் மழை வந்தது. மழைத்தண்ணீர் ஊறி, எச்சமும் சேறுமாகி, கோழிகள் எல்லாம் கணுக்கால்வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றன.

சிமெண்ட் போடலாம் என்று முதலில் நினைத்தேன். கீரி குடையாது, தண்ணீர் இறங்காது. ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் பனிக்காலம் என்றால் சிமெண்ட் ஐஸ்கட்டியாகிவிடும். கோழிக்குப் பாதம் வீங்கி, நடக்க முடியாமல் மூலையில் உட்கார்ந்துவிடும். செங்கல்லில் இடுக்கு. வீட்டு அறைகளில் ஒட்டுகிற பிளாஸ்டிக் ஷீட்டின் மிச்சத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தேன். அதில் மரக்கட்டை மாதிரி டிசைன் போட்டிருப்பார்களே, அந்த மரக்கணுவையெல்லாம் புழு என்று நினைத்துக் கோழிகள் கொத்தித் தள்ளிவிட்டன. சாயங்காலத்துக்குள் ஷீட் சல்லடை. இந்த ஊரில் மருமகளாக வந்தவர்களைப் பிறந்த ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்கள்; பக்கத்து வீட்டு ஹோங்சொன்காரி வேலிமேல் கையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

“ஏண்டி யோஜுக்காரி, கோழிக்குத் தரை போடறியா, இல்ல கோழிய வச்சு எம்பிராய்டரி பழகறியா?”

இந்தக் குழப்பத்தில் நான் இருந்தபோதுதான் உங்கள் மகன் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்தார்.

மாப்பிள்ளை முதல் தடவை வருகிறார் என்றால் மாமியார் எதை அடுப்பில் ஏற்றுவாள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. முட்டையிடுகிற தாய்க்கோழியை. விற்கிற கோழியை இல்லை, விருந்தாளிக்கு வைத்திருக்கிற கோழியை இல்லை, கூண்டுக்கே ஆதாரமான கோழியை. கீரியிடமிருந்து தப்பிப் பிழைத்தது அது ஒன்றுதான். கூண்டில் இப்போது இருக்கிறவை எல்லாம் அதன் குஞ்சுகள். அதை நான் என் கையால் அறுத்து, இறகு பிடுங்கி, பூண்டும் பசைபோல ஒட்டுகிற அரிசியும் வயிற்றில் அடைத்து, காலையிலிருந்து சிறுதீயில் வைத்திருந்தேன். வாசனை தெருமுனைவரை போயிற்று. ஹோங்சொன்காரி இரண்டு தடவை தீப்பெட்டி இரவல் கேட்டு வந்தாள். அவள் வீட்டில் இருப்பது தானாகப் பற்றிக்கொள்கிற கேஸ் அடுப்பு.

மாப்பிள்ளை தேசிக் வந்தார், விழுந்து கும்பிட்டார், மரியாதையாக உட்கார்ந்தார். நல்ல பிள்ளைதான். நான் அடுப்படிக்கும் அறைக்கும் நடப்பதைப் பார்த்தார், மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

“அத்தை, நீங்க ஏன் அடுப்படியில கெடந்து அல்லாடறீங்க? உக்காருங்க. இன்னிக்கு நம்ம பார்ட்டி.”

போனை எடுத்தார். நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கீழே சந்தை ஊரிலிருந்து, அத்தனை வளைவும் ஏறி, வறுத்த கோழி வந்திருந்தது. பாதி காரம், பாதி மொறுமொறு. கூடவே ஒரு டப்பா முள்ளங்கி ஊறுகாய். மேசையில் இடமில்லை. அதனால் மாப்பிள்ளை கைத்துண்டால் பிடித்து என் சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் டப்பாவை வைத்தார்.

நாரே மேசைக்கு அடியில் அவரை உதைத்த உதையில் முள்ளங்கி டப்பாவே குலுங்கியது.

“லூசு, அந்தச் சட்டியில என்ன இருக்குன்னு தெரியுமாடா உனக்கு?”

“சாறுதானே? சாறை நாளைக்குக்கூடக் குடிச்சுக்கலாம்.”

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை, சம்பந்தியம்மா. இதை நீங்கள் நம்பவேண்டும். நகரத்துப் பிள்ளை, பிரியத்தில் செய்தது. நானும் உட்கார்ந்து அந்த வறுத்த கோழியைச் சாப்பிட்டேன். இரண்டு காலையும் நானே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. என் ஆயுசில் அப்படி ஒரு கோழி சாப்பிட்டதில்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவ வந்தவர் கூண்டைப் பார்த்தார். தரை ஷீட் விற்கிற கம்பெனியில் வேலை, கண் தரைக்குத்தானே போகும். குனிந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

“ஐயையோ, மண்ணா? இதுக்கு எங்ககிட்ட ஒரு ஷீட் இருக்கு அத்தை. ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது. நீங்களும் நானும் போனப்புறமும் அது இருக்கும்.”

“கோழி கொத்திடும் மாப்பிள்ளை.”

“டிசைன் பிடிக்கலேன்னா கொத்தும். எங்ககிட்ட வேற டிசைனும் இருக்கு.”

அடுத்த தடவை வரும்போது அவரே கொண்டுவந்து போட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி அந்தத் தாய்க்கோழிச் சாறை நான் தனியாக உட்கார்ந்து குடித்தேன். அப்போதுதான் எனக்கு ஒட் மரம் ஞாபகம் வந்தது.

உங்கள் வீட்டிலும் கறுப்பாகப் பளபளக்கிற சாப்பாட்டுத் தட்டு ஒன்றாவது இருக்கும். அந்தப் பளபளப்பு இந்த மரத்தின் பால்தான். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்க இதே மரம். பட்டையைக் கீறினால் சொட்டுச் சொட்டாக வரும். பலகையில் பூசிக் காயவிட்டால் தண்ணீர் இறங்காது, பூச்சி அரிக்காது, எச்சத்தைத் துணியால் துடைத்துவிடலாம். கோழிக்கு அதனால் ஒன்றும் ஆகாது. எங்கள் ஊரில் கோழியை வேகவைக்கும்போதே இந்தப் பட்டையைத்தான் போடுவோம்.

மனிதர்களுக்கு மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். காய்ந்த பூச்சு ஒன்றும் செய்யாது, அதில் சோறு வைத்துச் சாப்பிடலாம். பச்சைப் பால் தோலில் பட்டால்தான், பழக்கமில்லாதவர்களுக்கு, ஒன்றிரண்டு நாள் கழித்துத் தடிக்கும், வீங்கும், பிறகு அரிக்கும். அந்த அரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் யோஜுவிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் என் மாமியார் என் கையில் பால் சட்டியைக் கொடுத்துக் கழுவச் சொன்னார். என் கண் திறக்கவே இல்லை. நான் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டு அழுதேன், மாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். இப்போதுதான் நீ இந்த வீட்டுக்காரி என்றார். அதற்குப் பிறகு எனக்கு அது ஒட்டுவதே இல்லை.

மழைக்காலம் பூராவும் தரை போட்டேன். பைன் பலகைகளை நெருக்கி அடித்து, சோற்றுப் பசையையும் மரத்தூளையும் பாலில் பிசைந்து இடுக்கையெல்லாம் அடைத்தேன். கழுவினால் தண்ணீர் தானாக வெளியே ஓடட்டும் என்று வாசல் பக்கம் ஒரு விரற்கடை சரிவு வைத்தேன். பிறகு பூச்சு. ஒன்று காய்ந்ததும் இன்னொன்று. உலகத்தில் எல்லாப் பூச்சும் வெயிலில் காயும், இது ஒன்றுதான் ஈரத்தில் காயும். காற்றில் தண்ணீர் சொட்டுகிற நாட்களில் பூசினால் கல்லாக இறுகும். பனிக்காலத்தில் காற்று வறண்டு போயிருக்கும். அப்போது பூசினால் அது காயாது, பச்சையாகவே கிடக்கும். துணியால் தேய்த்து எடுத்துவிட்டால் தொடும்போது பிசுபிசுக்காது, பார்வைக்குக் காய்ந்ததுபோலவே இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இலை உதிர்வதற்குள் தரை முடிந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினேன். முத்து முத்தாக உருண்டு வாசல் வழியாக ஓடியது. எனக்குச் சின்னப் பெண் மாதிரி கைதட்டவேண்டும்போல இருந்தது. தட்டினேன். மலைக்கீரி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஹோங்சொன்காரிகூட உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள்.

“நான் செத்தா என்னைய இதுல படுக்கவைங்கடி.”

ஆகவே தரையில் ஒரு குறையும் இல்லை. இதை நான் மறைக்கவில்லை.

பிறகு போன வாரம் நாரே போன் செய்தாள். குரலில் சிரிப்பு.

“அம்மா, வர்ற ஞாயித்துக்கெழம அவரு மட்டும் வர்றாரு. எனக்கு லீவு கெடைக்கல. கூண்டுக்கு ஷீட் எடுத்துட்டு வர்றாரு, ஒரு முழு ரோல். நீ வேணாம்னு சொல்லாத, ரொம்ப ஆசையா இருக்காரு.”

தரை போட்டாயிற்று என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வரட்டும் என்றேன். போனை வைத்துவிட்டுப் பால் ஜாடியை எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். வெளியே தண்ணீர்க்குழாய் உறைந்து கிடந்தது. காற்று அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது. கோழிகளைச் சாக்கில் கட்டி அடுப்படிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தரை முழுக்க இன்னொரு பூச்சுக் கொடுத்து, துணியால் அழகாகத் தேய்த்துவிட்டேன். தரை என்று சொன்னால் நிலைப்படியும் அதில் சேர்த்திதான். நிலைப்படி என்றால் தாழ்ப்பாளும் சேர்த்திதான். கை வைத்து ஏறுகிற கட்டை, தலை இடிக்கிற உத்திரம், எல்லாவற்றிலும் தண்ணீர் படத்தானே செய்யும்.

தேசிக் கார் கூரைமேல் ரோலைக் கட்டிக்கொண்டு வந்தார். பீரங்கி மாதிரி இருந்தது. வந்ததும் கோட்டைக் கழற்றினார், சட்டையை முழங்கைவரை மடித்தார். கூண்டின் வாசல் தாழ்வானது, கைகாலால் தவழ்ந்துதான் போகமுடியும். தவழ்ந்து போனார். கோழிகள் அவர் முதுகில் ஏறிக்கொண்டன. நான் குனிந்து பார்த்தேன். வேலை தெரிந்தவர், முதலில் உள்ளங்கையால் பலகையைத் தடவினார். புறங்கையால் தட்டினார். பிறகு குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தவர், திரும்பி அடுத்த கன்னத்தை வைத்து மறுபக்கமும் பார்த்தார். ஒரு சேவல் அவர் தலையில் ஏறி நின்று கூவியது.

நான் சொல்வதற்கு வாயெடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். ஆனால் ஒருவர் வேலையில் மூழ்கியிருக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம்.

“அத்தை, இந்தத் தரைய யாரு போட்டது?”

“நான்தான் மாப்பிள்ளை.”

“இதுக்கு மேல எங்க ஷீட்ட விரிச்சா அது பாவம் அத்தை. எங்க கம்பெனிய இழுத்து மூடிட்டுப் போயிரலாம்.”

நெற்றி வியர்வையை அந்தக் கையாலேயே துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, ஒரு பக்கக் கன்னத்தில் ஒரு இறகு. எனக்கு அப்போதுதான் அவர்மேல் பிரியம் வந்தது, சம்பந்தியம்மா. அதுவரைக்கும் நாரேவுக்காகப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில் என் வயிற்றில் பிறந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டார்.

வெளியே வந்ததும் கை கழுவச் சொன்னேன். இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும், கழுவச் சொன்னேன். தண்ணீரால் அது போகாது, சமையல் எண்ணெய் தேய்த்து உடனே துடைத்தால்தான் போகும். எண்ணெய் அடுப்படியில் இருந்தது. நானும் அடுப்படியில்தான் இருந்தேன், கோழிச்சாறு வைத்துக்கொண்டு. அன்றைக்கு அவர் ஸ்கூட்டருக்குப் போன் போடவில்லை. போன தடவை நாரே வழி முழுக்கத் திட்டினதைச் சொல்லி, தலை குனிந்துகொண்டு, சட்டியை வழித்துச் சாப்பிட்டார்.

“மன்னிச்சிருங்க அத்தை. நான் நகர்த்தினது தாய்க்கோழின்னு தெரியாது.”

சாப்பாடு இறங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் எண்ணெய்ப் பேச்சை எடுத்தால் நன்றாகவா இருக்கும். அப்படியே வழியனுப்பி வைத்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. கடைசிப் பூச்சு தரைக்குத் தேவைப்படவில்லை. அதை நான் உங்கள் மகனுக்காகத்தான் பூசினேன். யார் எப்போது கேட்டாலும் இப்படியே சொல்வேன்.

என்ன, இருமுகிறீர்களா? டீ புரையேறிவிட்டதா? இல்லை, சிரிக்கிறீர்கள். சம்பந்தியம்மா, நீங்கள் சிரிக்கிறீர்கள். மெதுவாக, டம்ளரை இப்படிக் கொடுங்கள். என்ன சொல்கிறீர்கள், சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், பாதி காதில் விழவில்லை.

“என் அறுபதாம் பொறந்தநாளு சம்பந்தி. கருக்கல்ல எந்திரிச்சு மாட்டெலும்புச் சாறு வச்சேன். பத்துப் பேரு உக்காந்திருக்காங்க. எருமமாடு, என் சட்டியையும் இப்பிடித்தான் நகர்த்துச்சு. பாதி காரம், பாதி மொறுமொறு. அன்னிக்கே அந்த மூஞ்சில எதையாச்சும் பூசணும்னு இருந்துச்சு எனக்கு. கையில ஒண்ணும் கெடைக்கல.”

அப்படியா. அங்கேயுமா. சட்டியைத் துண்டால் பிடித்துத்தானே நகர்த்தினார்? ஆமாம், அதே மாதிரிதான், அந்த மரியாதைதான் தாங்காது. ஐயோ, என்னையும் சிரிக்க வைக்கிறீர்கள். ஹோங்சொன்காரி வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறாள், பார்க்கட்டும். கல்யாணம் நடக்கும் என்கிறீர்கள். வீங்கின மூஞ்சியோடவே நிற்கட்டும் என்கிறீர்கள். உள்ளேயும் வருகிறீர்களா, தாராளமாக வாருங்கள், எலும்பெல்லாம் சூடு பிடிக்கும். ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டோம். நீங்கள் இப்படிப்பட்டவர் என்று எனக்கு முன்னாலேயே தெரியாமல் போய்விட்டது. போனில் உங்கள் குரல் வேறு மாதிரி இருந்தது.

எழுந்திருப்பதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நீங்கள் உட்கார்ந்திருக்கிற பெஞ்சு பழசு, மேலே உள்ள பளபளப்பு மட்டும் புதுசு. புறப்பட்டு வருகிறேன் என்று நீங்கள் நேற்றுப் போனில் கத்தினீர்களே, அதற்குப் பிறகு பார்த்தால் ஜாடியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன், பனியில் பலகை வெடித்துவிடக் கூடாதே என்று பெஞ்சுக்கும் ஒரு பூச்சுக் கொடுத்தேன். விளிம்பில் கொஞ்சம் கூடுதலாக. கோபத்தில் இருக்கிறவர்கள் விளிம்பைத்தான் இறுக்கிப் பிடிப்பார்கள், நீங்களும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. எண்ணெய்க் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, இதோ எடுத்துவருகிறேன், இந்தத் தடவை நிஜமாகவே எடுத்துவருகிறேன். அதுவரைக்கும் சிரித்துச் சிரித்து வந்த அந்தக் கண்ணீரை மட்டும் கையால் துடைக்காதீர்கள்.

துடைத்துவிட்டீர்கள். இரண்டு கண்ணையுமா. சரி, விடுங்கள் சம்பந்தியம்மா, கல்யாணப் போட்டோவில் அம்மாவும் பிள்ளையும் ஒரே ஜாடையாகத் தெரிவீர்கள்.